தீபாவளியில் வீட்டு நாய்க்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும்போதெல்லாம் நாய் வளர்ப்போருக்குச் சொல்லப்படும் அறிவுரை, அதை ஓர் அறையில் அடைத்து வையுங்கள் என்பதுதான். வெடி வெடிக்கும் நேரத்துக்கு அது பொருந்தும். ஆனால் பல வீடுகளில் குடும்பமே கூடத்தில் கூடியிருக்க, ஆண்டு முழுவதும் நம் காலடியிலேயே கிடந்த நாய் மட்டும் விடிந்தது முதல் இரவு வரை மாடி அறைக்குள் தனியே கதவைப் பிராண்டிக்கொண்டிருக்கிறது. இது தேவையற்ற தண்டனை.

2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே அனுமதித்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 மணி வரையிலும் இரவு 7 முதல் 8 மணி வரையிலும் வெடிக்கலாம் என்று அரசு அறிவித்துவருகிறது. ஊரார் இதை மதித்தால், இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரமும் நாயோடு சேர்ந்து பண்டிகை கொண்டாட நமக்குக் கிடைக்கும். விடியுமுன் எண்ணெய்க் குளியலுக்கு எழும் வீடுகளில், ஐந்து மணிக்கே நாயைக் கழுத்துப்பட்டையும் கயிறும் போட்டு வெளியே அழைத்துச் சென்று வந்துவிடலாம்; மாலை நடையை ஆறு மணிக்குள் முடித்து, இரவு உணவையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கே உரியது. நெற்றியில் திலகமிட்டு, செண்டுமல்லி மாலை போட்டு, பிடித்த தின்பண்டம் கொடுத்து வணங்குகிறார்கள். அது பெரும்பாலும் நாம் தீபாவளி கொண்டாடும் அதே நரக சதுர்த்தசி நாளாக அமைவது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. நாமும் அப்படிச் செய்யலாம். ஆனால் அரளிப்பூ மாலையை நாயின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது, அரளியின் எல்லாப் பகுதிகளும் அதற்குக் கொடிய நஞ்சு. நாக்கு எட்டாத உச்சந்தலையில் சிறிது சந்தனம் வைத்து, செண்டுமல்லி மாலையைப் படம் எடுத்தவுடன் கழற்றிவிடுவது நல்லது. வாலாட்டும் உயரத்தில் அகல் விளக்கு வைக்காதிருப்பதும் நம் பொறுப்பு.

விளையாட்டுக்குச் செலவே இல்லை. பழைய துண்டு ஒன்றை விரித்து, எலும்பு நீக்கி வேகவைத்த கோழித் துண்டுகளை ஆங்காங்கே வைத்து, இறுக்கமாகச் சுருட்டித் தரையில் போடுங்கள். எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் முதலில் ஒரு முனையை மூக்கால் தள்ளும், பிறகு முன்னங்காலால் மற்றொரு முனையை அமுக்கிக்கொண்டு மடிப்பு மடிப்பாகப் பிரிக்கும். கடைசித் துண்டு கிடைத்த பிறகும் மோப்பம் நிற்காது. மோப்பம் பிடித்துத் தேடுவது நாய்க்குக் களைப்பையும் அமைதியையும் சேர்த்தே தருவதால், மாலை வெடிக்கு முன் இதைவிட ஏற்ற விளையாட்டை நான் அறியேன். குழந்தைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

நம் இலையில் உள்ளதை அப்படியே கொடுப்பதுதான் பெரிய தவறு. பாயசத்திலும் கேசரியிலும் லட்டிலும் உள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று அளவு சொல்லவும் முடியாது. சாக்லேட்டும், வடையிலும் பிரியாணியிலும் சேரும் வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகாதவை. நெய்ப் பலகாரம் கணையத்தை வீங்கச் செய்யும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் காரமும் இல்லாத சோறு, வெந்த கோழி, பூசணி, கேரட் இருந்தால் அதன் விருந்து நிறைவானதுதான். வரும் விருந்தினரிடமும் இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெடி நேரத்தில் சன்னல்களை மூடி, திரை இழுத்து, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, வீட்டில் ஒருவர் நாயுடனேயே இருக்க வேண்டும். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்ற நம்பிக்கை தவறானது; அது அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்கடியில் ஒதுங்கினால் அங்கேயே விடுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்குச் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்க வேண்டும். பயத்தைக் குறைக்காமல் உடலை மட்டும் அசையவிடாது செய்யும் மருந்துகளும் உண்டு என்பதால், பக்கத்து வீட்டார் சொல்லும் மாத்திரையை வாங்கிக் கொடுப்பது கொடுமையில் முடியும். மிரண்டு ஓடிவிட்டாலும் திரும்பக் கிடைக்க, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும்.

இவ்வளவும் வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியவை. ஆனால் இரவு பதினொரு மணிக்கும் சரவெடி கேட்கும் தெருவில் இந்த ஏற்பாடுகள் எதுவும் நிலைக்காது. எனவே, குடியிருப்போர் நலச் சங்கங்கள் பகுதிக்கு ஒரு திறந்த மைதானத்தைக் குறித்து, அனுமதித்த நேரத்தில் அங்கே மட்டும் கூட்டாக வெடிக்க ஏற்பாடு செய்யவும், காவல்துறை அந்த நேரக் கட்டுப்பாட்டை உண்மையாகவே நடைமுறைப்படுத்தவும் வேண்டுகிறேன். அந்த இரண்டு மணி நேரத்தையும் தங்கள் நாளிதழ் பண்டிகை வாரம் முழுவதும் முதல் பக்கத்தில் வெளியிட்டால், வீட்டு நாய்களோடு தெரு நாய்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.