பெயரை மட்டும் பார்த்துப் பழைய லென்ஸ் வாங்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

திருகி மாட்டும் எம்42 லென்ஸ்களை நம் இளையர்கள் தேடித் தேடி வாங்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கோயில்களில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். ஆனால் விற்பவர், வாங்குபவர் இருவருமே பெயரை மட்டும் பார்த்து விலை பேசுவதுதான் மனத்தை உறுத்துகிறது.

ஜப்பானின் பெண்டாக்ஸ் கேமராக்களுக்கான சூப்பர் டாக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸையே எடுத்துக்கொள்வோம். 1964-இல் வந்த முதல் வகையில் 8 கண்ணாடிகள், அப்புறம் வந்ததில் 7. முகப்பில் எழுதியிருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். ஃபோகஸ் வளையத்தை ஒட்டி எண்கள் பொறித்த பட்டை இருக்கும். அதில் அகச்சிவப்பு ஃபிலிமுக்கான 'ஆர்' குறி, 4 என்ற எண்ணுக்கு வலப்பக்கம் இருந்தால் 8 கண்ணாடி. இடப்பக்கம் தள்ளி இருந்தால் 7. முதல் வகையில் பின்கண்ணாடியும் நன்றாகப் புடைத்து நிற்கும். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதால் இதைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

7 கண்ணாடி வகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி இருப்பதால் வருஷங்கள் போகப் போக மஞ்சள் ஏறும். பெனின்சுலா பக்கம் ஒரு கடையில் இந்த மஞ்சளைக் காட்டி, "பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்று ஒரு பையனிடம் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. பூஞ்சை நூல் நூலாக ஓடும். மஞ்சளோ வெள்ளைத்தாள் மேல் லென்ஸை வைத்தால் ஒரே சீராகத் தெரியும். புறஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் போடுபவர்களுக்கு அந்த மஞ்சளே ஃபில்டர் மாதிரி வானத்தைச் சற்று அழுத்திக் காட்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் நிஜமான எதிரி, அதைத் தடுக்க ஈரத்தைக் குறைக்கும் டிரை கேபினெட் அவசியம்.

ரஷ்ய ஹீலியோஸ் 44 வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 44-2 வகையில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, கையால் மூடலாம், அதன் தகடுகள் 8. 44எம்-4 வகையில் தகடுகள் 6, அப்பர்ச்சரைக் கேமராவே மூடும் தானியங்கி முறையை நிறுத்தும் சுவிட்சும் கிடையாது. மிரர்லெஸ் கேமராவில் மாட்டும்போது, லென்ஸின் பின்னாலுள்ள ஊசியை அழுத்திப் பிடிக்கிற அடாப்டர் இல்லாவிட்டால் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தே நிற்கும். விவரம் தெரியாமல் லென்ஸ் கெட்டுவிட்டது என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இணையத்தில் விற்பவர்கள் அந்த எண் பட்டையையும், வெள்ளைத்தாளில் வைத்த லென்ஸையும் படம் எடுத்துப் போட வேண்டும். இவை இல்லாத விளம்பரத்துக்கு வாங்குபவர்கள் பணம் அனுப்பக் கூடாது.

வாசகர்,
ஈசூன்