பின்சுவரில் ஒரு சின்னக் கதவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மந்தைவெளியில் 31 வருஷம் குடியிருந்தேன். வீட்டில் கார் கிடையாது, தேவையும் வரவில்லை. தெருமுனையில் பால் பூத், காய்கறிக்குத் தண்ணீர்த்துறை மார்க்கெட், டாக்டர், தபால் ஆபீஸ் எல்லாம் நடந்து போகிற தூரம்தான். இரண்டு வருஷம் முன்பு சோழிங்கநல்லூரில் மகன் வாங்கிய அடுக்குமாடி வளாகத்துக்கு வந்தேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கார்.

சோம்பல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை தெரிகிறது, போர்டைக்கூடப் படிக்கலாம். பேரன் படிக்கும் பள்ளியும் அதே தெருவில்தான். ஆனால் வளாகத்துக்கு ஒரே வாசல், அது முன்பக்கம். சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு நடைபாதையே இல்லை, தண்ணீர் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஏழு வயதுப் பிள்ளையை அதில் எப்படி நடத்திக் கூட்டிப்போவது? தயிர் பாக்கெட் வாங்கக்கூட கார் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். காரின் புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் நச்சு வாயுக்களை ஒழுங்காக மாற்றும். வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிஷங்களில் வருவது மோசமான புகை. எங்கள் பயணமோ அந்தச் சில நிமிஷத்திலேயே முடிந்துவிடுகிறது. மின்சாரக் கார் வந்தால் புகை நிற்கும், சரி. டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற தூசு நிற்காது. காலை எட்டு மணிக்கு வாசலில் கார்கள் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்க, வேனுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் பக்கத்திலேயே நின்று அதைச் சுவாசிக்கிறார்கள். பார்க்கவே மனசு பதறுகிறது.

வளாகக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு கேட்டேன். திருட்டு பயம் என்றார்கள். அந்தப் பயம் நியாயம்தான். அட்டை காட்டினால் திறக்கிற கதவும் ஒரு காவலாளியும் இருந்தால் போதாதா? எங்கள் பக்கத்துப் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) மாதவரம்–சிறுசேரி சிப்காட் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. ஸ்டேஷன் வரை நடக்க வழி இல்லையென்றால் அங்கேயும் காரில்தான் போவோம்.

ஒரு கட்டடத்தில் எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று 2019ஆம் வருஷக் கட்டட விதிகள் கணக்குச் சொல்கின்றன. அதே கண்டிப்போடு, பெரிய வளாகம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்துத் தெருக்கள் பக்கம் நடப்பவர்களுக்கான வாசல்கள் கட்டாயம் என்று சென்னை நகர வளர்ச்சிக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) எழுத வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த எங்களைப் போன்ற வளாகங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சோழிங்கநல்லூர், சென்னை