சமரச மேசைக்குப் போ, கண்ணு

அன்புள்ள கண்ணு,

"தப்பு அவங்க மேல, நான் எதுக்கு சமரசத்துக்குப் போகணும்" என்று போனில் கேட்டாய். நியாயமான கோபம். அமெரிக்காவில் கிரீன் கார்டு அட்டையில் தேதி முடிந்தால் அட்டைதான் பழசாகிறது, உன் வசிப்புரிமை போய்விடுவதில்லை. சேரும்போது, வேலை செய்ய உனக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் ஐ-9 படிவத்துக்குக் காட்டிய அட்டைக்குப் பதில் புதுசு கொண்டு வா என்று கம்பெனி கேட்டிருக்கவே கூடாது. அதைச் சொல்லியே வேலையை விட்டு நிறுத்தியதை என்னாலும் பொறுக்க முடியவில்லை.

ஆனாலும் நீ போக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

180 நாளுக்குள் அமெரிக்க நீதி அமைச்சகத்தில், குடியேறியவர்களின் வேலை உரிமையைக் கவனிக்கும் பிரிவில் புகார் கொடுத்தாய். அவர்கள் வழக்குப் போடவில்லை என்று கடிதம் வந்ததும் சோர்ந்துவிடாமல், 90 நாள் கெடுவுக்குள் இந்த மாதிரி வழக்குகளை விசாரிக்கும் ஓகாஹோ (OCAHO) அலுவலகத்தில் நீயே மனுப் போட்டாய். பெருமையாக இருக்கிறது. இப்போது அங்கே சமரச நீதிபதியிடம் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். 2020-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும். உட்கார்ந்து பேசவைப்பவர் வேறு நீதிபதி, தீர்ப்பு எழுதப்போகிறவர் வேறு. அங்கே நீ பேசுவது ரகசியம், தீர்ப்பு எழுதுபவர் காதுக்குப் போகாது, அதனால் 'குறைத்துக் கேட்டால் நம் வழக்கு பலவீனம் என்று நினைப்பாரோ' என்ற பயமே வேண்டாம். ஒத்துவராவிட்டால் வழக்கு அப்படியே திரும்பி விசாரணைக்குப் போகும், அவ்வளவுதான்.

மில் சங்கத்தில் இருந்தபோது எத்தனையோ முறை சமரச அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தொழில் தகராறுச் சட்டம் 12(3) பிரிவின்படி சமரச ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்த தொழிலாளி அடுத்த மாதமே சம்பளம் வாங்கினான். தீர்ப்புதான் வேண்டும் என்று நின்றவர்களில் சிலர் ஜெயித்தும், மேல்முறையீட்டிலேயே வயசாகிப் போனார்கள். சமரசத்துக்குப் போனவன் தோற்றவன் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே.

என்ன வேண்டும் என்று முதலில் நீ முடிவு செய். திரும்ப அதே வேலையா, வேலை இல்லாமல் இருந்த நாட்களுக்கான சம்பளமா (பேக் வேஜஸ்), இரண்டுமா? பேக் வேஜஸ் கேட்டால், நடுவில் வேறு எங்காவது சம்பாதித்ததைக் கழிப்பார்கள், முயன்றிருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதையும் கழிப்பார்கள். அதனால் எங்கெங்கே வேலைக்கு மனுப் போட்டாய், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும், ஈமெயில் ஒன்றையும் அழிக்காதே. நம் ஊரிலும் நிர்வாகத் தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்: "இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டான்?"

அப்புறம், ஒப்பந்த வரைவைக் கடைசிப் பக்கம் வரை படி. இனி அந்தக் கம்பெனியில் வேலைக்கே விண்ணப்பிக்க மாட்டேன் என்று நடுவில் ஒரு வரி நுழைத்திருப்பார்கள், பணம் எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் விட்டிருப்பார்கள். தேதி எழுதாத தொகைக்குக் கையெழுத்துப் போடாதே. வக்கீல் இல்லாமல் நீயே நடத்துகிறாய், சரி, ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு வேலைவாய்ப்பு வக்கீலிடம் ஒரு மணி நேரமாவது காட்டு. பணம் நான் அனுப்புகிறேன், அதைப் பற்றி யோசிக்காதே.

சமரசத்துக்கு அனுப்பும் உத்தரவு வந்ததும், மற்ற கெடுக்கள் நிற்கின்றனவா, ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று அதிலேயே பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா