ஊர் தராத மன்னிப்பு

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் அப்ரூவர்கள், அதாவது கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் குற்றவாளிகள், பற்றிய கட்டுரை படித்தேன். 1911 கலெக்டர் ஆஷ் கொலை வழக்கைச் சொன்னவர், அன்று நடப்பில் இருந்த 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337-வது பிரிவை ஏனோ விட்டுவிட்டார். அதன்படி, உள்ளதை ஒளிக்காமல் சொன்னால் குற்றத்தின் கூட்டாளிக்கு மன்னிப்பு. அதைத் தருபவர் மாஜிஸ்திரேட். பேரம் பேசுவது என்னவோ போலீஸ்தான்.

ஆனால் சர்க்கார் மன்னித்தால் ஊர் மன்னிக்குமா? தொண்டிக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் அப்பத்தா சொன்ன கதை இது. திருட்டு உப்பு அள்ளியவர்களைக் காட்டிக்கொடுத்த ஒருவரை ஊர் விலக்கி வைத்தது. குடிக்கத் தண்ணீர் கிடையாது, சிரைக்க ஆள் கிடையாது. வள்ளத்தைக் கரையேற்ற ஒரு கை வரவில்லை. தனுஷ்கோடிக்குப் போய் மூட்டை தூக்கிப் பிழைத்தார். இன்னொரு வழக்கில் அவர் சாட்சி தேவைப்பட, போலீஸ்காரர் ஒருவர் அங்கேயே தேடிப் போனாராம். ரொக்கம், உப்பளத்தில் வேலை, எதற்கும் மனுஷன் அசையவில்லை.

"என் வள்ளத்தை மறுபடி நம்ம துறையில கட்ட விடுவாகளா?" என்று மட்டும் கேட்டாராம்.

வந்தவர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்தாராம். அப்பத்தா இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பாள். கடைசிவரை அவர் கோர்ட் படி ஏறவில்லை.

இப்படிக்கு,
தொண்டி வாசகர்