திகதி சொன்னவருக்கு நன்றி

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் வாழும் உறவுகளுக்கும், நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் எங்களோடு அலைந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

எங்கள் லய வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் மனநோயோடு இருந்த தம்பியின் கையால் நாங்கள் அப்பாவை இழந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத என் கை ஓடவில்லை. நேற்று நீதிமன்றத்திலிருந்து திரும்பிய பிறகு, இத்தனை மாதங்களில் முதல் தடவையாக, அம்மா வாசல் கதவை மறித்துப் பாய் விரிக்காமல் உள்ளே போய்ப் படுத்து விடியும்வரை உறங்கினார். அவர் எழுவதற்கு முன்பே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

லயத்தில் வாழும் நமக்கென்று தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டும் எழுதப்பட்ட கடிதங்கள் ஒரே கட்டாகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போகின்றன. அங்கிருந்து யாராவது நினைவாக எடுத்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். எங்கள் வழக்கின் முதல் இரண்டு தவணைகளும் (விசாரணை நாட்களும்) அப்படித்தான் எங்களுக்குத் தெரியாமலே கடந்தன. விசாரிக்கப் போன ஓரிடத்தில், வழக்கை நடத்துவது அரசு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தம்பி சிறையில் இருக்கிறாரா, அங்கொடை மனநல வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறாரா, விடுவிக்கப்பட்டுவிட்டாரா என்பதுகூடத் தெரியாமல், கடைசிக் காம்பராவில் விளக்கு எரிவதைக் கண்டாலே அம்மா நடுங்கிய இரவுகள் பல.

மூன்றாவது கடிதத்தின் உறையில் நீதிமன்ற முத்திரையைக் கண்ட எங்கள் தபால்கார அண்ணன், அதைக் கட்டோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்து, வேலை முடிந்த பின், அடைமழையில் குறுக்குப்பாதையால் ஏறி வந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார். பிரித்தால் முழுவதும் சிங்களம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறுகிறது. ஆனாலும் எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தாள் எங்களால் வாசிக்க முடியாததாகவே வருகிறது. அண்ணன் ஈர உடையோடு இஸ்தோப்புத் திண்ணையில் அமர்ந்து, வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லி, உறையின் பின்புறத்தில் திகதியையும் நேரத்தையும் அடையாள அட்டையை மறக்கக் கூடாது என்பதையும் பென்சிலால் தமிழில் எழுதித் தந்தார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. புறப்படும்போது, “அந்தத் தம்பியோட அம்மாவுக்குக் கடிதம் ஏதும் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் கடைசிக் காம்பராவை நோக்கி நடந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு முழுவதும் யோசித்த பிறகே, மகனுக்கு மருந்து நின்றுபோனதையும் அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக ஆளில்லை என்பதையும் அந்தத் தாய் முன்பே எத்தனை பேரிடம் அழுதபடி சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. அன்று நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே எங்கள் துயரத்தைக் காட்டி, மனநோயாளர் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று யாரும் பேச வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை அன்று நம்மில் ஒருவராவது அறிந்திருக்கலாம்.

அந்தப் பென்சில் எழுத்தைப் பிடித்துக்கொண்டே மற்ற உதவிகள் எல்லாம் வந்தன. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015இலேயே ஒரு சட்டம் வந்தது, இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, விசாரணையும் வழக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டறிவது எங்கள் உரிமை என்பவற்றையெல்லாம் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி அம்மா பொறுமையாக விளக்கினார். தற்காத்துக்கொள்ள இயலாத மனநிலையில் ஒருவர் இருந்தால் வழக்கு ஒத்திவைக்கப்படுமே தவிர முடிந்துவிடாது என்று அவர் சொன்ன பிறகுதான், சட்டம் அப்பாவை மறந்துவிடவில்லை என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. கோரிக்கையைச் சிங்களத்தில் எழுதித் தந்த ஆசிரியை, அதைப் பெற்றுக்கொண்டு பிரதியில் கையொப்பமிட்ட பொலிஸ் உத்தியோகத்தர், ஒரு நாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து அம்மாவோடு வந்த கொழுந்துக்காரப் பெண்கள், பஸ் கட்டணம் வாங்க மறுத்த நடத்துனர் ஆகிய எல்லோருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தம்பியை வெளியே அனுப்பும் நிலை எப்போது வந்தாலும் முன்கூட்டியே எங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை நேற்று வழக்குக் கோவையில் சேர்க்கப்பட்டது. இது அவரை என்றைக்கும் அடைத்து வைப்பதற்காகக் கேட்டதல்ல. அவர் குணமாகித் திரும்பும் நாளை நாங்கள் தண்ணீர்ப் பீலியடியில் திடீரென்று எதிர்கொள்ளாமல், முன்னரே அறிந்து மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டது.

தபால்கார அண்ணன் தம் பெயரை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அந்த உறை அம்மாவின் தகரப் பெட்டியில் அப்பாவின் அடையாள அட்டையோடு இருக்கிறது. இனி நம் இரு பிரிவுகளிலும் யாருக்கேனும் பொலிஸிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ கடிதம் வந்தால், என் முன்பள்ளி வேலை முடிந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். எனக்கு விளங்காத இடத்தை அந்த ஆசிரியையிடம் கேட்டு, அன்றிரவே தமிழில் எழுதித் தருகிறேன். அடுத்த தவணைத் திகதியைக் கடைசிக் காம்பராவுக்கு நேற்றே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.