மிச்சம் வைத்த ஒரு படம்

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் விழித்துக் கிடந்தேன். இனிமேல் கல்யாணப் படம் எடுக்கப்போவதில்லை, நகைக்கடை, ஓட்டல்களுக்குப் படம் எடுக்கிற வேலை மட்டும் போதும் என்றாய். நான் "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். கோபம் என்று நினைத்துவிடாதே. எனக்கும் இந்த எண்ணம் வந்திருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1986-ல் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வேலைக்குச் சேர்ந்தபோது முகூர்த்த நாள் என்றாலே எனக்குத் திருவிழாதான். ஆடியும் மார்கழியும் பாஸ்போர்ட் போட்டோவிலேயே கழியும். தை பிறக்காதா என்று காத்திருப்பேன். முதலில் யாஷிகா கேமரா, ஃபிலிம் ரோலுக்கு 12 படம். பிறகு 36 படம் விழும் சின்ன ரோல் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் என்று பேசியிருப்போம், அதற்கு மேல் எடுத்தால் கையைக் கடிக்கும். ஃபிளாஷ் ஒரு தடவை அடித்துவிட்டால் சார்ஜ் ஏறிச் சின்ன விளக்கு எரியும்வரை நிற்க வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது அந்த விளக்கு எரியாவிட்டால் தாலிப் படம் போச்சு. ரோல் கழுவி வந்து, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

1991-ல் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை, சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்த்தார்கள். அம்மாக்காரர் மேடைப் பக்கமே வரவில்லை. பந்திக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிர்நீலப் புடவை, வெறும் நெற்றி. தாலி ஏறியபோது முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார், ஆனால் கண் சிரித்தது. நான் பார்த்தேன் பாப்பா. கேமராவில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. அந்த இரண்டையும் பரிசு கொடுக்க மேடை ஏறிய ஒரு பெரிய மனிதருக்கு எடுத்துவிட்டேன்.

ஆல்பம் கொடுத்த அன்று அந்தப் பெண் கடைசிவரை புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "எங்கம்மா இல்லையேண்ணே" என்றாள். திட்டவில்லை, காசையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் கடைசி ரோலில் ஒரு படத்தை மேடைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கென்று மிச்சம் வைத்தேன்.

2009-ல் நிகான் டி90 டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அப்புறம் மிச்சம் வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நூறு படம் எடுத்த கல்யாணத்தில் மூவாயிரம் எடுத்தேன். எடுத்தேனே தவிர, எதையும் பார்த்ததாக நினைவில்லை. பிறகு, நிற்கவைக்காமல் இயல்பாக இருக்கும்போதே படம் எடுக்கிற கேண்டிட் டீம் என்று தனியாக வந்தார்கள். "நீங்க டிரெடிஷனல்தானே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று உன் வயசுப் பையன் சொன்னபோது வலித்தது. ஆனால் என் மனசு விட்டுப்போனது அதனால் இல்லை. ஒருநாள் மண்டபத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றினேன். காலருக்குள்ளிருந்து அட்சதை கொட்டியது. உன் அம்மா பெருக்கி அள்ளினாள், ஒரு பிடி இருந்தது. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் போட்ட அரிசி. தாலி நேரத்தில் ஐந்தாறு பேர் முன்னால் போய் மறித்துக்கொண்டு நிற்கிறோம், அது எங்கள் முதுகில் விழுகிறது. எனக்கு அவமானமாகிவிட்டது. கொஞ்ச காலம் வெறும் பிழைப்புக்காகத்தான் போய்வந்தேன்.

2020-ல் ஊரடங்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றிருந்த சமயம், ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த கல்யாணத்துக்கு நான் ஒருத்தன் மட்டும் போனேன். மண்டியிட்டு ஓரமாக உட்கார்ந்து எடுத்தேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்கும் தாலி தெரிந்தது. அன்றைக்குத்தான் பழைய ஆசை திரும்பியது. இப்போது வருஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு கல்யாணம்தான். தேதி கேட்டு வரும்போதே, தாலி நேரத்தில் முன்னால் ஒரு கேமராதான் நிற்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒத்துவராதவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உன் களைப்பு எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கடைசிப் பந்தியில் ஆறிப்போன ரசம் சாப்பிட்டு, பாக்கிக்கு நாலு தடவை போன் போட்டு, நடுவில் "இந்தப் பொண்ணா எடுக்கப்போகுது?" என்ற பேச்சும் கேட்டு... விடுவதானால் தாராளமாக விடு. என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் நீ அனுப்பினாயே, மணப்பெண் அறையில் ஒரு பாட்டி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பெண்ணுக்கு ஜடை தைக்கிற படம். அதை இன்னும் போனில் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த அறைக் கதவு எனக்கு ஒரு நாளும் திறந்ததில்லை. வெளியே நின்று "ரெடியாம்மா?" என்று குரல் கொடுப்பதோடு சரி. உள்ளே என்ன நடக்கும் என்று நீ எடுத்த பிறகுதான் பார்த்தேன்.

தையில் ஒப்பிலியப்பன் கோயிலில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள் சேர்த்து இருந்துவிட்டுப் போ. கேமரா தூக்க வேண்டாம், முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடு. அந்த 50 எம்எம் லென்ஸை மட்டும் எனக்குக் கொண்டு வா. என்னுடையதில் பூஞ்சை பிடித்துவிட்டது.

அன்புடன்,
அப்பா