இரண்டாவது தவணை ஏன் தவறுகிறது?

ஐயா,
கர்ப்பிணிகளின் தடுப்பூசித் தயக்கம் பற்றிய தங்கள் செய்தி, அதை வெறும் அறியாமையாகச் சுருக்கிவிட்டது. தர்மபுரி மாவட்டப் பென்னாகரம், கிருஷ்ணகிரி மாவட்ட அஞ்செட்டி பக்கம், கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசியில் முதல் ஊசியை மறுப்பவர்கள் குறைவு. நின்றுபோவது, நான்கு வாரம் கழித்துப் போடவேண்டிய இரண்டாவது தவணைதான். ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், வீங்கும். சிலருக்கு லேசான காய்ச்சலும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாததால், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் தடுத்துவிடுகிறார். பயம் நியாயமானதே; பதில்தான் வீடு வரை போய்ச் சேரவில்லை. அந்த 0.5 மி.லி. மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தியே பிறக்கும் சிசுவை ரணஜன்னியிலிருந்து காக்கிறது.

முதல் ஊசி நாளிலேயே மாமியாரையோ கணவரையோ உடன் வரவழைத்து, செவிலியர் இதை விளக்கி, அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தரவேண்டும். தாய்வீட்டுக்கோ, பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ போனால், அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

– வாசகர், பென்னாகரம்